திங்கட்கிழமைக்குக் காத்திருந்த வயிறு

சுதர்சினியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய அப்பாவில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேறு மாதிரித் தொடங்க அந்த மனிதர் விடமாட்டார். கம்பளையில் இருந்து மேலே ஏறும் பாதையில், தோட்டத்துச் சந்தித் தேநீர்க்கடை வாங்கில் ராஜலிங்கம் உட்கார்ந்திருந்தால், பஸ் நின்று புறப்படுவதற்குள் யாராவது ஒருவரிடம் தன் மகள் டொக்டர் என்பதைச் சொல்லி முடித்திருப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். இந்தக் குஞ்சு நிஜமாகவே பொன் என்று தோட்டமும் சேர்ந்து ஒத்துக்கொண்டதில்தான் பிற்பாடு வந்த வினை தொடங்கியது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலேயே வயசைக் கழித்தவர் ராஜலிங்கம். மகள் பேராதனைக்கு மருத்துவம் படிக்கப் போன நாளில் லயத்து வரிசை வீட்டு வாசல்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அவள் படித்து முடித்து, கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததும், லயத்தில் அவளுடைய பெயரே வழக்கொழிந்து போனது. எல்லோருக்கும் அவள் 'நம்ம டொக்டர்' ஆனாள். காய்ச்சல் என்றாலும் கால் வீக்கம் என்றாலும் 'நம்ம டொக்டர்ட்ட காட்டணும்' என்று பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் அவளைப் பார்த்த மாத்திரத்தில் பாதி சுகமாகிவிட்ட முகத்தோடு, தங்கள் பாஷையிலேயே நோவைச் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அப்பா வாராவாரம் போன் எடுப்பார். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் தவறாமல் ஒன்று கேட்பார்.

"இந்த வாரம் எப்ப எப்பம்மா டியூட்டி?"

அவளும் சொல்வாள். வேலை நேரத்தில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள். இப்படி ஒரு பாசமுள்ள அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், அவள் வேலைக்கு வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அங்கம்மாவைத் தள்ளுகட்டிலில் கொண்டு வந்தார்கள். அங்கம்மா லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இரத்த உறவு ஒன்றுமில்லை. ஆனால் லயத்தில் உறவுமுறை இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, சுதர்சினிக்கு அவள் அத்தை. சுதர்சினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தின் முடிவைக்கூடப் பார்க்காமல் டிவியை நிறுத்தி வைத்த அத்தை. கூட வந்திருந்தவள் அவளுடைய மகள் கலாராணி, சுதர்சினியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், இப்போது கம்பளையில் புடவைக்கடையில் வேலை.

அங்கம்மாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வயிறு மட்டும் அவளுடையது இல்லைபோல் உப்பி நின்றது. ஆனாலும் சுதர்சினியைக் கண்டதும் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"வந்துட்டியாம்மா. இனிப் பயமில்ல."

"எப்பலேர்ந்து அத்தை இப்படி?"

அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கலாராணிதான் பதில் சொன்னாள்.

"சனிக்கிழம வேல விட்டு வந்தப்ப தொடங்குச்சு. விட்டுவிட்டு முறுக்குது. கேஸ்ட்ரிக்குன்னு நெனச்சோம்."

எங்கள் பக்கத்தில் வயிற்றுக்குள் எது நடந்தாலும் அதற்கு முதல் பெயர் கேஸ்ட்ரிக்தான். அதற்கான வைத்தியமும் வரிசையாக நடந்திருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, ஓமத்தண்ணீர், கடை மாத்திரை. குடலேற்றமாக இருக்கும் என்று பின் லயத்துப் பெண்ணொருத்தி வந்து எண்ணெய் போட்டு வயிற்றை நீவியும் விட்டிருக்கிறாள். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. பிறகு பச்சையாக வந்தது. விடியற்காலையில் வந்ததன் நாற்றத்தைச் சொல்லும்போது கலாராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து பிரிஞ்சுச்சா அத்தை? வெளிய போனீங்களா?"

சுற்றி ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று அங்கம்மா முகத்தைத் திருப்பினாள். சுதர்சினி குனிந்து காதோடு மறுபடி கேட்டாள். இல்லை என்று தலை அசைந்தது. சனிக்கிழமையில் இருந்தே இல்லை.

சட்டையை விலக்கியபோது தொப்புளுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. கர்ப்பப்பையை எடுத்த ஒபரேசன், பல வருடத்துக்கு முந்தியது. அதைக் கண்டதுமே சுதர்சினிக்கு யோசனை ஓடிவிட்டது. வயிற்றைத் திறந்து மூடினால் உள்ளே காயம் ஆறுகிற இடத்தில் நூல் நூலாகத் தழும்பு விழும். அது சும்மா கிடந்தால் கிடக்கும். ஒரு நாள் குடல் அதில் போய்ச் சிக்கிக்கொண்டால், மடிந்துபோன தண்ணீர்க் குழாயின் கதிதான்: மேலே இருந்து வருவது கீழே போகாது. சிக்கின இடத்துக்கு இரத்த ஓட்டமும் நின்றால், அந்தத் துண்டு உயிரோடு இருக்கிற மனுசியின் வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்.

எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. எக்ஸ்ரே காற்றைக் கண்டால்தான் காட்டிக்கொடுக்கும். குடல் முழுக்கத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் இருந்துவிடும். சுதர்சினி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். மூலையில் நின்ற சின்ன ஸ்கேன் மெசினைக் கட்டிலடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்த மெசினைக் குடலுக்குப் பயன்படுத்தும் பழக்கத்தை அங்கே கொண்டு வந்தவன் ஷாமில். அக்குறணைக்காரன், அவர்களுக்கு அங்கே ஹார்ட்வெயார் கடை. இவனுக்கு மட்டும் ஆணியிலும் பெயின்டிலும் மனம் போகாமல் டொக்டராகிவிட்டான். எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவன், அதற்குப் பிறகு கண்ணில் பட்ட வயிற்றில் எல்லாம் ஜெல்லைத் தடவிப் பார்த்தான். தேநீர் கொண்டுவந்து வைத்த ஆளின் வயிறும் தப்பவில்லை. நல்ல குடல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகினால்தானே கெட்டது தெரியும் என்பான். அவனோடு நின்று நின்று சுதர்சினியும் பழகினாள்.

ஜெல் குளிர்ந்தது, அங்கம்மா முனகினாள். திரையில் குடல் தெரிந்தது. விரல் தடிமனில் சுருண்டு நெளிய வேண்டியது, வாழைத்தண்டு மாதிரி வீங்கி, கறுப்புத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. உள் மடிப்புகள் சீப்புப் பல்லாக வரிசையாய் நின்றன. உள்ளே இருந்தது முன்னுக்கு ஓடியது, முட்டியது, திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. இது அடைப்புத்தான், சந்தேகமில்லை. அவள் கருவியை மெல்ல நகர்த்தி இடுப்பு எலும்புக்கு மேலே கொண்டுவந்தாள். அங்கே ஒரு வளையம் ஓடவும் இல்லை, திரும்பவும் இல்லை. சுவர் தடித்து, சும்மா கிடந்தது. சுற்றிவர, இருக்கக்கூடாத இடத்தில், தண்ணீர் தேங்கியிருந்தது.

சுதர்சினி கையை நகர்த்தவில்லை. கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த வளையம் அசைகிறதா என்று காத்திருந்தாள். அசையட்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தாள். அது அசையவில்லை.

மூக்கு வழியாகக் குழாயை இறக்கியதும் பச்சையும் மண்ணிறமுமாகப் பை நிறையத் தொடங்கியது. சேலைன் ஏற்றி, இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், கலாராணி பிளாஸ்கைத் திறந்து மூடியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இஞ்சி வாசம் அடித்தது.

"தொண்ட காயுதுன்னு சொல்லுது சுதா. ஒரு வாய் நனைக்கலாம்னு."

சுதர்சினி அவள் கையில் இருந்து மூடியை வாங்கித் தொட்டியில் கொட்டினாள். "வாயால ஒன்னும் குடுக்கக்கூடாது. ஒரு சொட்டுக்கூட." பள்ளிக்கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட்டவளிடம் அந்தக் குரலில் பேசியது அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் அன்றைக்கு லீவு. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். போனை எடுத்தவர் சயந்தன், சத்திரசிகிச்சைப் பிரிவில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர், அவசரப்படாமல் கதைக்கிறவர்.

"ஓம், சொல்லுங்கோ. எக்ஸ்ரேயில என்ன இருக்கு?"

"எக்ஸ்ரேயில பெரிசா ஒன்னும் தெரியல. ஸ்கேன்ல தெளிவா இருக்கு. ஒரு லூப் அசையவே இல்ல. சுத்திவரத் தண்ணி நிக்குது."

"ஸ்கேன் ஆர் செய்தது?"

"நான்தான். கட்டில்ல வச்சே பார்த்தேன்."

"கட்டில்ல வச்சோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன் அறையும் நிபுணரும் இருக்கும்போது, அவசரப் பிரிவில் ஒரு டொக்டர் கட்டிலோரம் நின்று குடலைப் பார்த்தேன் என்றால் யாருக்கும் ஒரு தயக்கம் வரும். இங்கே இருந்து நிபுணரைப் பிடித்து, அவர் பார்த்து, எழுதி வர மத்தியானம் தாண்டிவிடும்.

"வீடியோ எடுத்தனீங்களோ? வாட்ஸ்அப்பில போடுங்கோ."

போட்டாள். நீல நிறத்தில் இரண்டு கோடு விழும் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"பாத்தனான். அந்த அசையாத துண்டு எனக்கும் பிடிக்கேல்லை. உடன அனுப்புங்கோ, தியேட்டருக்குச் சொல்லி வைக்கிறன்."

அம்புலன்ஸ் தயாராகும் இடைவெளியில்தான் அந்தப் பேச்சு வந்தது. சுதர்சினி கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஆற்றாமையில் வாயில் வந்தது.

"ஏன் கலா இவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க? நேத்தே கொண்டு வந்திருக்கலாமே."

கலாராணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இருந்தது.

"நேத்தும் வந்தோமே. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தோம், த்ரீவீல் பிடிச்சு. நீ இருக்கியான்னு வாட்ச்சர்ட்ட கேட்டோம். 'அத நே, ஹெட'ன்னாரு. இன்னைக்கு இல்ல, நாளைக்குன்னு. அப்புறம் என்னா செய்யிறது. திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

"திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"சனிக்கிழமையே ஒங்கப்பா சொன்னாரு, பாப்பாவுக்குத் திங்கக்கிழமதான் டியூட்டின்னு. எதுக்கும் பார்ப்போம்னுதான் நேத்து வந்தது. அம்மாதான் சொல்லுச்சு, வேற யார்ட்டயும் காட்ட மாட்டேன், நம்ம புள்ள வரட்டும், ஒரு ராத்திரிதானன்னு."

சுதர்சினி கதிரையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தக் கதிரையில் இருந்தவன் ஷாமில். இதே மெசின் இதே மூலையில் நின்றது. அவனுக்குத் தமிழ் தாய்மொழி. அவளைவிட அவன் கை இந்த வேலையில் நன்றாகப் பழகியது. கேட்டில் இருந்து இந்த அறைக்கு நடக்கிற தூரம், லயத்தில் இருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போகிற தூரம்கூட இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவளுக்கு அங்கம்மா மேல் கோபம் வந்தது, கலா மேல் வந்தது, அப்பா மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தன் மேலேயே வந்தது. 'நம்ம டொக்டர்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்த அந்தக் குளிர்ச்சி மேல்.

ஆனால் அங்கம்மாவை முட்டாள் என்று யாரும் எண்ண வேண்டாம். பல வருடத்துக்கு முன் ஒரு தடவை அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கூப்பிட்டது தன் பெயர்தான் என்று விளங்காமல் வாங்கிலேயே மத்தியானம் வரை இருந்தாள். உள்ளே போனதும் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் 'ஆமா' என்று தலையாட்டிவிட்டு, எந்த நோவுக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தாள். யாரும் அவளை ஏசவில்லை. அந்த வெட்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. தன் நோவைத் தன் வாயால் சொல்லக்கூடிய ஒரு இடம் கிடைத்த பிறகு, அவள் வேறு எங்கே போவாள்?

அம்புலன்ஸில் ஏற்றும்போது அங்கம்மா சுதர்சினியின் கையைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை. "நீ பார்த்துட்டல்ல, போதும்" என்றாள்.

பின்னேரம் சயந்தன் கூப்பிட்டார். அங்கம்மா பிழைத்துவிட்டாள். சிறுகுடலில் ஒரு நீளம் கறுத்துப் போயிருந்ததால் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குத் தைத்துச் சேர்க்க முடியாது, வயிற்றோரம் குடலை வெளியே எடுத்துப் பை வைத்திருக்கிறார்கள்.

"நல்லாப் பிடிச்சிருக்கிறியள்" என்றார். பிறகு, சும்மா ஒரு தகவல்போல், "ஒரு நாள் முந்தி வந்திருந்தால் வெட்டாமலே அவிழ்த்து விட்டிருக்கலாம்" என்றார்.

அன்றைக்குச் சுதர்சினி அப்பாவுக்குப் போன் எடுத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினாள். என் டியூட்டியை ஊருக்கெல்லாம் பறை சாற்றச் சொன்னேனா என்று கேட்டாள்.

"நல்லதுக்குத்தானம்மா சொன்னேன். அங்கம்மா தங்கச்சி இப்ப பொழச்சிருச்சுல்ல? நீ பார்த்ததாலதான பொழச்சுச்சு?"

அப்பா ஒருவர் என்றால் பரவாயில்லை. தோட்டம் முழுக்க அதையேதான் சொன்னது. மெசினை வைத்த உடனே நம்ம டொக்டர் கண்டுபிடித்துவிட்டது, கண்டியில் இருக்கிற பெரிய டொக்டர்மாரே அசந்துவிட்டார்கள் என்று கதை கைகால் முளைத்து நடந்தது. மாரியம்மன் கோயிலில் அவள் பெயருக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த வாரம், கால் புண் சீழ் கட்டின ஒருவர் அவளிடம் வந்தார். 'வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாம், நீங்க இல்லன்னாங்க' என்று சிரித்தபடி சொன்னார். சுதர்சினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றியதே அடுத்த உயிருக்கு உலை வைக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. அடுத்து காத்திருக்கப்போவது நெஞ்சு நோவாக இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பில் அவளுக்குத் தூக்கம் போனது.

லீவு நாளில் கண்டிக்குப் போனாள். அப்பாவும் கம்பளையில் பஸ் ஏறி, அங்கே வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் தோடம்பழப் பை. ஆஸ்பத்திரி வாட்டில் அங்கம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். போர்வைக்கு அடியில் வயிற்றோரம் அந்தப் பை இருப்பது தெரிந்தது. அதை யாரும் பார்க்காதபடி ஒரு கையை எந்நேரமும் மேலே வைத்திருந்தாள். ஆனால் சுதர்சினியைக் கண்டதும் அந்தக் கையை எடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டாள்.

"நான் சொன்னேன்ல, இதுதான் எங்க டொக்டர் புள்ள. இவளுக்காகத்தான் காத்திருந்து வந்தேன். வேற யார்ட்டயாவது காட்டியிருந்தா நான் இன்னேரம் மண்ணுக்குள்ள."

ராஜலிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ஸுலைஹா, அலவத்துகொடயைச் சேர்ந்தவள். அவள் எழும்பி உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"மாஷா அல்லாஹ். மகள், நீங்க எந்தெந்த நாளையில ஈப்பீங்க? என்ட மருமகளுக்கு ஒரே வகுத்து வலி. ஒங்களுக்கிட்டயே காட்டச் செல்றேன்."

உண்மையைச் சொன்னால் அங்கம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் யாரோ முகம் தெரியாத ஒரு மருமகள் சுதர்சினியின் டியூட்டி நாளுக்காகப் பாயில் சுருண்டு கிடப்பாள். சுதர்சினி கட்டிலோரத்தில் உட்கார்ந்து அங்கம்மாவின் கையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் ஒன்னு சொல்றேன், கேளுங்க. நீங்க காத்திருந்ததால பொழைக்கல. காத்திருந்ததாலதான் கொடல் அழுகிப்போச்சு. ஞாயித்துக்கிழம கேட்டுல இருந்து உள்ள வந்திருந்தா, ஷாமில் டொக்டர் இதே மெசினால பார்த்திருப்பாரு. என்னைவிட நல்லாவே பார்த்திருப்பாரு. இந்தப் பை ஒங்களுக்கு வந்திருக்காது."

அங்கம்மா அவளையே பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, இறங்குவதற்கு இடம் தெரியாததுபோல். பிறகு இறங்கியது.

"அப்ப நான் செஞ்சதுதானா இது?"

"ஒங்க குத்தம் இல்ல அத்தை. எங்க எல்லாரோடதும்."

"எனக்கு அவங்ககிட்ட என்னா சொல்லத் தெரியும்? நோவுல கெடக்குறப்ப வாய்ல தமிழே வராது. சிங்களம் எங்கேர்ந்து வரும்?"

"ஷாமில் டொக்டர் தமிழ்தான் பேசுவாரு. வேற யாருன்னாலும் சொல்லவே வேணாம். அந்தப் பழைய தழும்பக் காட்டுங்க, வாந்தின்னு கையால காட்டுங்க. எந்த டொக்டரா இருந்தாலும் வெளங்கிருவாங்க. மெசினுக்குப் பாஷ கெடையாது."

அங்கம்மா கையை உருவிக்கொண்டாள். போர்வையை இழுத்து வயிற்றை மூடினாள். ராஜலிங்கத்தைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் திங்கக்கிழமதான்னு சொன்னீங்களே" என்றாள். குற்றம் சொல்கிற குரலாகவும் இல்லை, ஏதோ விலாசம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள். அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஸுலைஹா மெதுவாகத் தன் போனை எடுத்து யாருக்கோ பேசத் தொடங்கினாள். மருமகளை இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டும்படி மகனிடம் சொன்னாள்.

தோடம்பழப் பையை வைத்துவிட்டு வர மறந்து, ராஜலிங்கம் அதைப் பஸ் நிலையம் வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தார். கம்பளை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டபோது, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சுதர்சினிக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு கூலியா என்று இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவின் போன் வந்தது, ஆனால் டியூட்டி எப்ப என்ற கேள்வி வரவில்லை. தோட்டத்தில் இருந்து அவளைத் தேடி வருகிறவர்களும் குறைந்தார்கள். அவர்கள் வேறு நாட்களில் வந்து காட்டுகிறார்களா, அல்லது கோபித்துக்கொண்டு எங்குமே போகாமல் கிடக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் அவளை அரித்தது. அங்கம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கலா ஒரு செய்தி அனுப்பினாள். அத்தை பேசுவாளா என்று சுதர்சினி கேட்டதற்கு, கொஞ்சநாள் போகட்டும் என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ஷாமில் கூப்பிட்டான்.

"பதறாதீங்க. ஒங்கட அப்பா இங்க வந்தீக்கிறார். வகுத்து நோவுன்னு. ஸ்கேன் போட்டேன், பித்தப்பைல கல்லு ஈக்குது. பயப்பட ஒண்டுமில்ல, ஊசி போட்டேன், இப்ப நல்லா ஈக்குறார்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே. எப்ப நோவு தொடங்குச்சாம்?"

"காலம்பறதான். தொடங்கின ஒடனே த்ரீவீல் பிடிச்சு வந்தீக்கிறார். கூட ஒரு பொம்பளையும் வந்தீக்கிறா, அங்கம்மாவாம். வகுத்துல பையோட. இவரு நாளைக்குப் பார்க்கலாம்னு செல்லுவாருன்னு, கையோட கூட்டி வந்தாவாம்."

சுதர்சினி துவைகல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு நோவு வந்து, மகளைத் தேடாமல் போயிருக்கிறார். நிம்மதியாகவும் இருந்தது, யாரோ தன்னை மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல் வலிக்கவும் செய்தது. இரண்டையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஷாமில் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "வாட்ச்சர் இப்பதான் செல்லிச் சிரிச்சிட்டுப் போறார். கேட்டுல ஒங்கட அப்பாவைக் கண்டதும், பாவம், ஏமாந்து திரும்பிப் போவாரேன்னு இவரே ஓடிப்போய்ச் செல்லீக்கிறார், 'துவ அத நே'ன்னு. மகள் இன்னைக்கு இல்லன்னு."

"அப்பா என்னா சொன்னாராம்?"

"'தன்னவா'ன்னாராம். தெரியும்னு செல்லிட்டு, நேரா உள்ள வந்துட்டாராம்."